லேபிளில் இல்லாத பெயர்

மதுரை
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டதால் எழுத முடியவில்லை. இப்போது தேவலை. போன வாரம் டவுன்ஹால் ரோடு பக்கம் போனேன். பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுத்த நம் ரெக்கார்டிங் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். நின்று பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உன் பேரன் நாள் முழுக்க ராப் கேட்கிறான், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். உனக்கு ஞாபகம் இருக்கா? கடை ஆரம்பித்த புதிதில் துபாயிலிருந்து வந்த ஒருத்தர் ஒரு கேசட்டைக் கொடுத்து, 'தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் காப்பி போடுங்க' என்றார். டெக்கில் ஓடவிட்டு அரை நிமிஷம் கேட்டாய். "என்னடா இவன், பேசிக்கிட்டே இருக்கான், பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று சிரித்தாய். நானும்தான் சிரித்தேன்.

போன மாதம் என் மகள் வீட்டில் அதே இசை காதில் விழுந்தது. அந்த சிந்தசைசர்; மற்றதெல்லாம் மறந்தாலும் அது மறக்கவில்லை. பாட்டின் பெயர் 'தி மெசேஜ்'. 1982 ஜூலையில் நியூஜெர்சியின் சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. 'கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ்' என்ற குழுவின் பெயரில் வந்தது. அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபிளாஷ் அந்தக் குழுவின் டி.ஜே., அதாவது ரெக்கார்டு ஓட்டுபவர். நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்தவர், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி இரண்டு டர்ன்டேபிளில் வைப்பார். டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் துண்டு எங்கே தொடங்குகிறது என்று தட்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டுக்கொள்வார். ஒன்று முடியும்போது மற்றதைத் துண்டின் தலைக்குச் சுற்றிக் கொண்டுவந்து விடுவார். பத்து விநாடி தாளத்தை விடிய விடிய ஓட்டலாம். நாம் டெக்கின் கவுன்டர் எண்ணைச் சீட்டில் குறித்துவைப்போமே, அதே புத்திதான். ஆனால் நாம் பாட்டைப் பிடிக்கக் குறித்தோம், அவர் பாட்டையே புதிதாகச் செய்யக் குறித்தார்.

இனிமேல்தான் வேடிக்கை. அவர் பெயர் போட்ட இந்த ரெக்கார்டில் அவர் கைவேலை எதுவுமே இல்லை!

பாட்டுக்கு விதை போட்டவர் எட் ஃபிளெச்சர். டியூக் பூட்டி என்பது மேடைப் பெயர். கம்பெனியின் ஸ்டூடியோ பேண்டில் தாள வாத்தியம் வாசித்தவர். 1980இல் நியூயார்க்கில் பஸ், ரயில் எல்லாம் ஸ்டிரைக்கில் நின்றபோது எழுதத் தொடங்கினாராம். உடைந்த கண்ணாடி, எலி, கரப்பான், ஆள் இல்லாத நேரம் பார்த்து போன் செய்து மனைவியை மிரட்டும் கடன் வசூல்காரன், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற மகன் என்று வீட்டுக் கஷ்டத்தை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. தெற்கு பிராங்க்ஸில் எழுபதுகளில் தெருத்தெருவாகக் கட்டடங்கள் எரிந்து கிடந்தன. அதுவரை ராப் ரெக்கார்டு என்றால் பெரும்பாலும் கையைத் தூக்கு, ஆடு, என்னை மிஞ்ச ஆளில்லை, அவ்வளவுதான். வேகமும் அதற்கேற்ற வேகம். இது மெதுவாக நடக்கிற பாட்டு. ஆட வந்தவனை நிறுத்தி உட்காரவைத்து 'கேள்' என்கிறது.

குழுவுக்குப் பிடிக்கவில்லை. சந்தோஷமாக இருக்க வருகிற இடத்தில் இந்த ஒப்பாரி எதற்கு என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. நம் கச்சேரிக்காரர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கம்பெனியை நடத்திய சில்வியா ராபின்சன் விடவில்லை. ஐந்து பேரில் மெல்லி மெல் மட்டும் இறங்கிவந்து பாதி பாடினார். மீதியை ஃபிளெச்சரே பாடிவிட்டார். கடைசிச் சரணம் 1979இல் குழு வெளியிட்ட வேறொரு ரெக்கார்டில் மெல்லி மெல் பாடியது. ஒன்றுமறியாமல் பிறந்த பிள்ளை சிறையறையில் தூக்கில் தொங்கி முடிகிற கதை. பழைய ரெக்கார்டில் ஆட்டத்துக்கு நடுவே கரைந்துபோன அந்த வரிகள் இங்கே வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்கின்றன. இடம் மாறினால் சொல்லுக்கு எடை கூடுவதை அப்போதுதான் பார்த்தேன்.

அமெரிக்காவின் பொதுப் பாட்டுத் தரவரிசையில் இது 62ஆம் இடத்தைத் தாண்டவில்லை. கறுப்பினத்தார் இசைப் பட்டியலில் 4, இங்கிலாந்தில் 8. ஆனால் விமர்சகர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். 2002இல் அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாக்கத் தேர்ந்த முதல் ஐம்பது ஒலிப்பதிவுகளில் இதுவும் ஒன்று. அதில் இருந்த ஒரே ஹிப் ஹாப், அதாவது ராப் வகைப் பாட்டு, இதுதான். 2012இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை ஹிப் ஹாப்பிலேயே சிறந்த பாட்டு இதுதான் என்று முதலிடம் கொடுத்தது.

வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தூக்கம் போனது. ஃபிளெச்சரின் குரல் வருகிறது, வாயசைப்பது குழுவின் ரஹீம்! சினிமாவில் பின்னணிக் குரலுக்கு நாம் பழகியவர்கள்தான். ஆனால் நம் கேசட்டில் பாடியவர் பெயராவது எழுதுவோமே. 1983இல் ராயல்டி கேட்டு ஃபிளாஷ் கம்பெனி மேல் வழக்குப் போட்டார், குழு இரண்டாக உடைந்தது. 2007இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் முதல் ஹிப் ஹாப் குழுவாக இவர்களைச் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் ஃபிளெச்சர் இல்லை. அவர் ஆசிரியர் வேலைக்குப் போய், ஜார்ஜியாவில் சவானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 2021 ஜனவரியில் இறந்தார்.

நாம் எத்தனை ஆயிரம் லேபிள் எழுதியிருப்போம் மாப்ளே. படம், இசை, பாடியவர். வாசித்தவன் பெயரை ஒருநாளாவது எழுதினோமா? எழுத இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் யாரென்று கேட்டதும் இல்லையே.

பேரனை வையாதே. உன்னிடம் இருக்கும் தகரப் பெட்டியில் அந்த துபாய்க் கேசட்டுக்கு நாம் நமக்கென்று போட்டுக்கொண்ட காப்பி இருக்கும், தேடிப் பார். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல். 'இங்கிலீஷ் மிக்ஸ்' என்று மட்டும்தான் இருக்கும், உன் கையெழுத்தில்.

உன் பழைய பார்ட்னர்