நிலாவுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள நிலா,

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. போன வாரம் வீடியோவில் உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. வெளிச்சம் அப்படி என்று அம்மாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

மதியம்வரை நீ ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று தம்பி சொன்னான். அவனைத் திட்டாதே. உயிர்வேதியியலில் முதல் மதிப்பெண் வாங்கினவளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் செலவழிக்கிறது. கல்லீரல் அதைக் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு வடிவில் சேர்த்து வைப்பதோ ஏறக்குறைய 100 கிராம். தசைகளில் அதைவிடப் பல மடங்கு உண்டு, ஆனால் அது ரத்தத்துக்கு வராது. கிளைக்கோஜன் உடைந்து வரும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி தசையில் இல்லை. பாஸ்பேட் ஒட்டியிருக்கும்வரை குளுக்கோஸ் செல்லைவிட்டு வெளியேற முடியாது. தசையில் அந்த நொதி ஏன் இல்லை என்று பள்ளிக்கூட வயதிலேயே என்னைக் கேட்டவள் நீ. கிளைக்கோஜன் ஆய்வுக்காக 1947இல் நோபல் பெற்ற கோரி தம்பதியின் படத்தை மேசையில் ஒட்டி வைத்தவளும் நீதான். இன்றும் எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்குச் சாப்பிட நேரமில்லையா?

கல்லீரல் இருப்பு குறையக் குறைய, அது லாக்டேட், கிளிசரால், அமினோ அமிலங்களிலிருந்து குளுக்கோஸைப் புதிதாகச் செய்கிறது. கொழுப்பு அமிலங்கள் இதற்கு உதவாது. அவை உடைந்து வரும் அசெட்டைல் கோ-ஏ என்ற மூலக்கூறு, குளுக்கோஸ் செய்ய உதவும் பைருவேட்டாக மறுபடி ஆவதில்லை. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுக்களுக்கோ குளுக்கோஸை விட்டால் வேறு கதியில்லை. ஆக, அமினோ அமிலத்துக்காகத் தசைப் புரதம் கரைகிறது. பட்டினி நீண்டால் மூளை, கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களுக்குப் பழகி அந்தக் கரைவு குறையும், சரி. குறையுமே தவிர நிற்காது.

ஒரு வேளை விட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்பாய். தெரியும். ராத்திரி முழுக்கத் தாங்கும் உடம்பு மதியம்வரையும் தாங்கும். மாசக்கணக்கில் போதாமல் சாப்பிட்டால்தான் தசை போகும். அதனால்தான் கேட்கிறேன், இது எத்தனை மாசமாக நடக்கிறது?

கூப்பிட்டால் எடுப்பதில்லை, எடுத்தாலும் "வேலை" என்கிறாய். எடை எவ்வளவு என்று நான் கேட்கமாட்டேன். காலையில் சாப்பிடு. வேலை இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போ.

அடுத்த மாசம் அம்மா அங்கே வருகிறாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்லாதே.

அப்பா