கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: கையெழுத்துப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘தென் கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை, விமான டிக்கெட் இலவசம், தங்குமிடம் இலவசம்’ என்ற அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் தமிழ்க் குடும்பங்களுக்குள் சுற்றி வருகின்றன. விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்றுதான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கையில் இருக்கும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதை. அங்கே தவறினால் மற்றது எதையும் பேசிப் பயனில்லை.

இந்த வேலைக்கான விசா இ-2. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்குத்தான் அது பொதுவாகக் கிடைக்கும். டொராண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு வழி திறந்தே இருக்கிறது. பட்டமும் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டில் பெற்றதாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பட்டம் வாங்கிவிட்டுப் பிறகு கனடியக் குடியுரிமை பெற்றவர்கள் இந்த இடத்தில் தடுக்கப்படுகிறார்கள். அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் எபிக் திட்டம் இன்னும் கறாரானது. 7ஆம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை, குறைந்தது 10 ஆண்டு, அந்த நாட்டிலேயே படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறது.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு குறுகிய வழி உண்டு. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கிலப் பாடத்துக்கான ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ளவர் அங்குள்ள பள்ளிகளில் துணை ஆசிரியராகலாம். ஹக்வோன் எனப்படும் தனியார் டியூஷன் நிறுவனங்களில் வேலை செய்ய இந்த வழி உதவாது. ஆகவே ‘எந்தப் பட்டதாரியும் வரலாம், ஹக்வோன் வேலை உறுதி’ என்று இந்தியர்களிடமோ இலங்கையரிடமோ ஒரு முகவர் சொன்னால் அது பொய். சுற்றுலா விசாவிலோ மொழி மாணவர் விசாவிலோ போய்ப் பாடம் நடத்தினால் அபராதமும் நாடுகடத்தலும் ஆசிரியருக்குத்தான். நேர்மையான முகவருக்குத் தரகை வேலை கொடுப்பவரே தருகிறார். ஆசிரியரிடம் ‘பதிவுக் கட்டணம்’ கேட்பவரோடு மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

ஆவணங்களில் நாள் கணக்கு முக்கியம். பட்டச் சான்றின் நகலும் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றும் அப்போஸ்டில் முத்திரையோடு (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்து அரசு இடும் முத்திரை) வேண்டும். அந்தச் சான்று தேசிய அளவிலானதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் எஃப்பிஐ, கனடாவில் ஆர்சிஎம்பி தருவதுதான் செல்லும். மாநில, மாகாண, நகரக் காவல் துறைச் சான்றுகள் செல்லாது. அது 6 மாதத்துக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே எடுத்து வைத்தவர்கள் நேர்காணல்கள் முடிவதற்குள் அது காலாவதியாகி மறுபடி கைரேகை வைக்க நேர்கிறது. கனடா 2024 ஜனவரியில்தான் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தது. அதற்கு முந்தைய கனடியக் குறிப்புகளில் தூதரகச் சான்று பற்றி இருப்பதை இப்போது பின்பற்ற வேண்டியதில்லை. மூல ஆவணங்கள் கூரியரில் கொரியா போனபின், வேலை தருபவர் அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் விசா வழங்கல் எண் வாங்கி அனுப்புவார். அந்த எண்ணோடுதான் கொரியத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். போய்ச் சேர்ந்து 90 நாளுக்குள் குறிக்கப்பட்ட மருத்துவமனையில் போதைப்பொருள் சோதனை உட்பட உடல் பரிசோதனை முடித்து, வெளிநாட்டவர் பதிவு அட்டைக்கு மனுச் செய்ய வேண்டும்.

இனி ஒப்பந்தம். எத்தனை முறை சொன்னாலும் தகும் பகுதி இது. ‘மாதம் 22 லட்சம் வோன்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 2026இல் கொரியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10,320 வோன். முழுநேர வேலைக்கு மாதம் 209 மணி என்று கணக்கிட்டால் 21,56,880 வோன். விளம்பரத்தில் மின்னும் சம்பளம் அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அடித்தளத்துக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். (கொரியர்கள் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள். நம் 22 லட்சம் அவர்களுக்கு 220 ‘மான்’. லட்சத்தில் எண்ணிப் பழகியவர்கள் முதல் சில மாதம் ஒரு பூஜ்யம் தவறுவது சகஜம்.)

சம்பளத்தைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது பிடித்தத்தை. முறையான ஊழியர் என்றால் ஓய்வூதியத்துக்கு 2026 முதல் 9.5 விழுக்காடு, மருத்துவக் காப்பீட்டுக்குச் சுமார் 7 விழுக்காடு. இரண்டிலும் பாதியை நிறுவனம் போட வேண்டும். சில ஹக்வோன்கள் இதைத் தவிர்க்க ஆசிரியரைத் ‘தனித் தொழில் செய்பவர்’ என்று பதிந்து 3.3 விழுக்காடு வரி மட்டும் பிடிக்கின்றன. கைக்கு வரும் தொகை கூடுதலாகத் தெரிவதால் ஆசிரியருக்கும் முதலில் மகிழ்ச்சிதான். பிறகுதான் தெரியும், ஓய்வூதியத்தில் நிறுவனத்தின் பாதி இல்லை, 6 மாதம் தாண்டியதும் மருத்துவக் காப்பீட்டின் முழுத் தொகையும் தன் தலையில், ஆண்டு முடிவில் பணிக்கொடையும் கேள்விக்குறி என்று. ஒப்பந்தத்தில் 3.3 என்ற எண் தென்பட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பாட அட்டவணை, ககாவோ டாக் என்ற செய்திச் செயலியில் வந்த உத்தரவுகள், வருகைப் பதிவு எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஊழியரா இல்லையா என்பதை அங்கே ஒப்பந்தத்தில் எழுதிய பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. வேலை நடந்த விதத்தைப் பார்க்கிறார்கள்.

ஓர் ஆண்டு முழுதாக வேலை செய்தவருக்கு ஒரு மாதச் சராசரி ஊதியம் பணிக்கொடை. விலகிய 14 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். 11 மாதம் முடிந்ததும் ஏதோ ஒரு குற்றம் சொல்லி வெளியே அனுப்பும் பழக்கம் இதனால்தான் வந்தது. அந்த நிறுவனத்தில் இதற்கு முன் இருந்த ஆசிரியர் ஆண்டை முடித்தாரா என்று கேளுங்கள், அவரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். தொடர்பு தர மறுக்கும் இடத்தை விட்டுவிடலாம். ஊழியர் எத்தனை பேர் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஐந்து பேருக்குக் குறைவான இடத்தில் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு, மிகைநேரத்துக்கு 50 விழுக்காடு கூடுதல், காரணமில்லாத பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு ஆகியவை சட்டப்படி பொருந்தாது.

அரசுப் பள்ளி வேலையில் இந்தக் குழப்பம் குறைவு. காலையில் தொடங்கி 8 மணி நேரம், வாரத்துக்கு 22 பாடவேளை. தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம், நடுநிலையில் 45, உயர்நிலையில் 50. ஹக்வோனில் பிள்ளைகள் பள்ளி முடிந்து வருவதால் பிற்பகலில் தொடங்கி இரவு 9, 10 வரை போகும். சியோலில் இரவு 10 மணிக்கு மேல் ஹக்வோன் நடத்தத் தடை இருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தனி டியூஷன் எடுப்பது இ-2 விசாவில் சட்டவிரோதம். பெற்றோரே வந்து கெஞ்சினாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வகுப்பறையில் தமிழருக்கு ஒரு சாதகம் உண்டு. ‘டெஸ்க்’ என்பதைக் கொரியப் பிள்ளைகள் ‘தெ-ஸு-கு’ என்று மூன்று அசையாகச் சொல்வார்கள். மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் ஓர் உயிரைச் சேர்ப்பது நாம் ‘பஸ்ஸு’ என்று சொல்வதைப் போன்றதுதான், அதனால் சிக்கல் எங்கே என்று நமக்கு உடனே புரியும். திருத்தும் வழி கைதட்டல். ‘டெஸ்க்’ சொல்லும்போது ஒரே தட்டு. மூன்று அசை வந்தால் கை மூன்று முறை தட்டத் தேடும், பிள்ளைக்குத் தானே தெரிந்துவிடும். எஃப், பி வேறுபாட்டுக்கு உதட்டின் முன் ஒரு துண்டுக் காகிதம் பிடிக்கச் சொல்லுங்கள். ‘பி’ வெடிக்கும்போது காகிதம் துள்ளும், ‘எஃப்’ வரும்போது இலேசாக அசையும். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். சொன்னதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, சிவப்பு மையால் மாணவர் பெயரை எழுதக் கூடாது. இறந்தவரோடு சேர்த்து எண்ணும் வழக்கம் அங்கே அது.

பெயர் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய. நம் பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் இடத்தில் தந்தை பெயர் இருக்கிறது. கொரியாவில் குடும்பப் பெயரே முதலில் வரும், அதனால் பள்ளியின் பெயர்ப் பலகையில் அப்பா பெயர் ஏறிவிடும். முதல் நாளே எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்று உடன் ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இது சின்னச் சங்கடம். பெரிய சங்கடம் கைப்பேசியில் வரும். அங்கே வங்கிச் செயலி, இணையக் கடை எல்லாவற்றுக்கும் கைப்பேசி வழியாக ஆளை உறுதி செய்கிறார்கள். பதிவு அட்டையில் ஒரு விதமாகவும், கைப்பேசிக் கடையில் இடைவெளி இல்லாமலும், வங்கியில் கடைசி நான்கெழுத்து வெட்டியும் பெயர் ஏறியிருந்தால் ‘தகவல் பொருந்தவில்லை’ என்றே வந்துகொண்டிருக்கும். நீளமான தமிழ்ப் பெயர்களுக்கு இது கிட்டத்தட்ட நிச்சயம். அட்டையைக் காட்டி, ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வோர் இடைவெளியும் அதேபோல் ஏறியிருக்கிறதா என்று திரையைப் பார்த்த பிறகே கடையை விட்டு நகர வேண்டும். பட்டச் சான்றில் முன்னெழுத்தும் பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் இருந்தால் இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தைப் புறப்படும் முன்பே செய்துகொள்ளுங்கள்.

வீடு பெரும்பாலும் ‘வன்ரூம்’, ஒற்றை அறை. வாடகையை நிறுவனம் கட்டினாலும் எரிவாயு, மின்சாரம், பராமரிப்புக் கட்டணம் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தரைக்கடியில் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ஒண்டோல் முறைக்குச் சுவரில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். கொரிய எழுத்தில் ‘நன்பாங்’ என்றால் அறைச் சூடு, ‘ஒன்சு’ என்றால் குழாயில் வெந்நீர் மட்டும், ‘வேச்சுல்’ என்றால் வெளியே போகும்போது வைப்பது. குளிக்க வெந்நீர் வேண்டி ‘நன்பாங்’கை அழுத்தி நாள் முழுவதும் விட்டுவிட்டால் அடுத்த மாத எரிவாயுக் கட்டணம் கண்ணைக் கட்டும். அதற்குப் பயந்து கடுங்குளிரில் கொதிகலனை முழுதாக அணைத்துவிட்டு ஊருக்குப் போனாலோ குழாய் உறைந்து வெடிக்கும். ‘வேச்சுல்’ வைத்து, வெந்நீர்ப் பக்கம் குழாயைச் சொட்டச் சொட்ட விட்டுப் போக வேண்டும். கதவில் சாவிக்குப் பதில் எண் பூட்டு. மின்கலம் தீரும் நிலையில் கதவு திறக்கும்போது வழக்கமில்லாத ஓசை கேட்கும், அன்றே மாற்றிவிடுங்கள். மறந்து வெளியே நின்றுவிட்டால், பெரும்பாலான பூட்டுகளின் வெளிப்பக்கம் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். பக்கத்துக் கடையில் சதுர 9 வோல்ட் மின்கலம் வாங்கி அதன் முனைகளை அங்கே பொருத்திப் பிடித்தபடி எண்ணை அழுத்தினால் திறக்கும்.

குப்பை விஷயத்தில் புதியவர்கள் தவறாமல் அக்கம்பக்கத்தாரிடம் பேச்சு வாங்குகிறார்கள். 1995 முதல் அங்கே குப்பையைக் காசு கொடுத்து வாங்கிய பையில்தான் போட வேண்டும். பை அந்தந்த வட்டாரத்துக்கு உரியது, கடையில் கேட்டால் தருவார்கள். உணவுக் கழிவு தனி. கால்நடைத் தீவனமாகவும் உரமாகவும் மாறுவதால் ‘விலங்கு தின்ன முடியுமா?’ என்பதே அளவுகோல். நம் சமையலில் சேரும் வெங்காயத் தோல், பூண்டுத் தோல், முட்டை ஓடு, எலும்பு, மாங்கொட்டை, தேங்காய் ஓடு, டீத்தூள் சக்கை எல்லாம் பொதுக் குப்பைப் பைக்குப் போக வேண்டியவை. சாதம், காய், குழம்பின் மிச்சத்தை நீர் வடித்து உணவுக் கழிவில் போடலாம்.

சாப்பாட்டில் கட்டுப்பாடு உள்ளவர்கள் பள்ளி மதிய உணவுப் பட்டியலின் எண்களைப் படிக்கப் பழக வேண்டும். ஒவ்வோர் உணவுக்கும் பக்கத்தில் ஒவ்வாமை எண் இருக்கும். 1 முட்டை, 9 இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாடு. சைவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது, ஏனென்றால் அந்த 19 எண்களில் நெத்திலி கிடையாது. சூப்பின் அடிநீரோ பெரும்பாலும் நெத்திலி கொதித்த நீர். கிம்ச்சியிலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேரும். சோறும் தோஃபுவும் வீட்டிலிருந்து ஒரு பொரியலும் என்று திட்டமிடுவது நல்லது. கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ மிக்ஸி கொண்டு போக வேண்டாம். 110-120 வோல்ட்டுக்குச் செய்தது அங்குள்ள 220 வோல்ட்டில் கருகிவிடும்.

வேலையை இடையில் மாற்ற வேண்டுமானால் பொதுவாகப் பழைய முதலாளியின் ஒப்புதல் கடிதம் தேவை. அது கிடைக்கும் வரை புதிய இடத்தில் ஒரு வகுப்புகூட எடுக்கக் கூடாது. விசா சந்தேகத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண் 1345, ஊதியத் தகராறுக்குத் தொழிலாளர் அமைச்சகத்தின் 1350. நாட்டை விட்டுப் புறப்படும்போது அமெரிக்க, கனடிய, ஆஸ்திரேலியக் குடிமக்கள் தாங்கள் கட்டிய ஓய்வூதியத்தையும் நிறுவனத்தின் பங்கையும் மொத்தமாகத் திரும்பப் பெறலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு அந்த வசதி இல்லை. தென்னாப்பிரிக்கரிடம் ஓய்வூதியப் பிடித்தமே கிடையாது.

உங்கள் நாளிதழில் இத்தகைய வேலை விளம்பரங்களை ஏற்கும்போது விசா வகை, எந்தெந்தப் பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தும், ஓய்வூதியமும் காப்பீடும் உண்டா என்ற மூன்று விவரங்களையும் விளம்பரதாரரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்து அச்சிடும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் வாசகர்கள் சிலர்