ஹாரோவில் காந்தம் தந்த ஐயாவுக்கு நன்றி

போன மாதம் ஒரு சனிக்கிழமை. லண்டன் ஹாரோவில் ஒரு வீட்டு வாசலில் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றைப் பார்த்தபடி, முன்பணம் கொடுத்துவிடட்டுமா என்று மனைவியிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிரே வேனை நிறுத்திக்கொண்டிருந்த நீங்கள் வந்து, "தம்பி தமிழோ? காசு குடுத்திட்டீங்களோ?" என்றீர்கள். இல்லை என்றதும் வேனிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வந்தீர்கள்.

என் கண்ணில் பட்டதெல்லாம் பளபளக்கும் பச்சை பெயின்டும் ஸ்போக் வீல்களும்தான். நீங்களோ நேரே தரையில் உட்கார்ந்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதியில் காந்தத்தை வைத்தீர்கள். ஒட்டவில்லை. இரும்பு துருப்பிடித்துப் போய், மேலே வெறும் பட்டிப் பூச்சு. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, கூரையும் இல்லாத மாடலில் பாரம் தாங்குவதே அந்தச் சில்தான் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். கதவைத் திறந்து மூடிக் காட்டினீர்கள், சில் பலவீனமானதால் உரசியது. 40 வயது தாண்டிய கார்களுக்கு இங்கே பொதுவாக எம்ஓடி எனும் வருடாந்திர வாகனப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை. நாமே குனிந்து பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது அன்றுதான் உறைத்தது.

பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை என்பது இன்னும் மனசை உறுத்துகிறது.

அப்புறம் மூன்று கார்கள் பார்த்தேன். போன வாரம் 1970 மாடல் ஒன்றை வாங்கிவிட்டேன். பெயின்ட் மங்கல்தான், ஆனால் சில் முழுக்கக் காந்தம் கப்பென்று ஒட்டியது. ரொம்ப நன்றி ஐயா. உங்கள் காந்தம் என்னிடமே இருக்கிறது. இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்தக் காரிலேயே வந்து தருகிறேன்.