மாடு குறுக்கே வரவில்லை

கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய குரல்பதிவை இரண்டு தடவை கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாய். ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறுகிற வளைவில், தூறல் விட்டிருந்த ஈரத்தில், வண்டியின் பின்பக்கம் ஒரு நொடி வெளியே போய்விட்டு வந்தது, மீட்டரில் ஏதோ மஞ்சள் விளக்கு மினுக்கி அணைந்தது, அவ்வளவுதான்ப்பா என்கிறாய். பக்கத்தில் இருந்த உன் அம்மாவுக்கு அந்த மஞ்சள் விளக்கு பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் நீ ‘சரிப்பா, சரிப்பா’ என்று முடித்துவிடுவாய்.

ஒரு கேள்விதான் முதலில். அந்த வளைவில் உன் வலது கால் என்ன செய்துகொண்டிருந்தது?

நீ ஓட்டிப் பழகியது மாருதி 800. அதில் முன்சக்கரம் இழுக்கும். மாட்டு வண்டி மாதிரி, முன்னால் போவது இழுக்க, மிச்சம் பின்னால் வரும். இப்போது நீ வாங்கியிருக்கிற பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் அப்படி இல்லை. அது தள்ளுவண்டி. பின்னாலிருந்து தள்ளுகிறது. தள்ளுவண்டியைத் திருப்பும்போது ஒரு எக்கு எக்கித் தள்ளிப் பார், பின்பக்கம் தானாகச் சுற்றிக்கொண்டு போகும். ஈரத்தில் டயருக்குக் கிடைக்கிற பிடி ஒரு படி அரிசி என்று வைத்துக்கொள். திரும்புவதற்கும் வேகமெடுப்பதற்கும் அந்த ஒரு படியில்தான் பொங்கியாக வேண்டும். மெயின் ரோட்டு வேகத்துக்கு எட்ட வேண்டும் என்று நீ வளைவு முடியுமுன்னே மிதித்திருப்பாய். அரிசி பத்தவில்லை.

மிதித்தது மட்டும்தான் தப்பு என்று நினைத்துவிடாதே. வெடுக்கென்று காலை எடுத்தாலும் அதே கதைதான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. இப்போது சொல்லப்போவதை உன் அம்மாவுக்கே இதுவரை சொன்னதில்லை.

1998 ஐப்பசி. குன்னூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். உன் அம்மா இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று தங்கிவிட்டாள். உன்னை மட்டும் கூட்டிக்கொண்டு சாயங்காலம் இறங்கினேன். நாலு வயசு உனக்கு, பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். அம்பாசடர். டிக்கி காலி. ஒரு வாரம் காய்ந்து கிடந்த ரோட்டில் அப்போதுதான் தூறல் ஆரம்பித்திருந்தது. அதுதான் மோசமான மழை. கொட்டுகிற மழை ரோட்டைக் கழுவிவிடும், தூறலோ லாரிகள் சிந்திய டீசலையும் ஆயிலையும் புழுதியோடு குழைத்து மேலே கொண்டுவரும். பின்னால் இருந்த இரண்டும் ரீட்ரேட் டயர், பழசுக்கு மேல் புது ரப்பர் ஒட்டியது, மேலே இருக்கிற பட்டன் வரிகள் தேய்ந்து மொட்டை. தீபாவளி முடிந்து மாற்றலாம் என்று இருந்தேன். கையில் இருந்த காசுக்கு வாங்கிய இரண்டு புது டயரையும் முன்னால் போட்டிருந்தேன்.

பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. தேர்டு கியரில் வந்துவிட்டேன். வேகம் கூடுதல் என்று வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது. செகண்டுக்கு இறக்கி கிளட்ச்சைப் பொத்தென்று விட்டேன். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கிற எஞ்சின் பிரேக்கிங் எல்லாம் பின்சக்கரத்துக்குத்தான் போகும், கண்ணு. ஓடிக்கொண்டிருப்பவனின் காலைப் பிடித்து இழுத்த மாதிரி. பின்பக்கம் வெளியே போனது. அதோடு விட்டிருந்தால்கூட ஸ்டீயரிங்கில் பிடித்திருப்பேன். பயத்தில் பிரேக்கையும் மிதித்தேன். பாரம் முழுக்க முன்னால் சாய்ந்து, கொஞ்சநஞ்சம் இருந்த பின்பிடியும் போய்விட்டது. வண்டி அப்படியே சுற்றி, பின் மட்கார்டு தடுப்புச் சுவரில் மோதி, வந்த வழியைப் பார்த்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று நான் இன்றுவரை எட்டிப் பார்க்கவில்லை.

நீ சீட்டுக்குக் கீழே உருண்டு விழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, ‘வீடு வந்துருச்சாப்பா?’ என்று கேட்டாய்.

மேலே ஏறி வந்த லாரிக்காரர் நிறுத்தி இறங்கினார். பின் டயரைத் தடவிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார். கல்லாறு வந்ததும் பாக்குத்தோப்பு ஓரமாக வண்டியைப் போட்டு, கை நடுக்கம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டில் கேட்டபோது மாடு குறுக்கே வந்துவிட்டது என்றேன். உன் அம்மா அந்த மாட்டுக்காரனை இன்றைக்கும் திட்டுகிறாள்.

அப்போது எனக்குத் தெரியாத ஒரு விஷயம். நீ இருக்கிற ஸ்டுட்கார்ட் பக்கத்து ஆட்கள், மெர்சிடிஸும் உதிரிபாகக் கம்பெனி போஷும் சேர்ந்து, இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்து 1995-லேயே பெரிய எஸ் கிளாஸ் வண்டியில் வைத்துவிட்டார்கள். ஈஎஸ்பி என்று பெயர். 1997-இல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகைக்காரர், ரோட்டில் எல்க் என்னும் பெரிய மான் குறுக்கே வந்தால் எப்படி என்று மெர்சிடிஸின் குட்டி வண்டியான ஏ கிளாஸை ஒடித்துத் திருப்பிப் பார்க்க, வண்டி குப்புறக் கவிழ்ந்தது. அந்த மானம் போன பிறகுதான் அந்தச் சின்ன வண்டிக்கும் ஈஎஸ்பியைக் கட்டாயமாகக் கொடுத்தார்கள். அங்கேயும் மான் வரவில்லை, இங்கேயும் மாடு வரவில்லை.

உன் வண்டியில் மினுக்கிய மஞ்சள் விளக்கு அந்த வைத்தியத்தின் வாரிசுதான். நீ ஸ்டீயரிங்கைத் திருப்பிய பக்கமும் வண்டி நிஜமாகப் போகிற பக்கமும் ஒன்றா என்று நொடிக்கு 25 தடவை பார்த்துக்கொண்டே இருக்கும். பின்பக்கம் கழன்றால் வெளிப்பக்க முன்சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடிக்கும், எஞ்சின் வேகத்தையும் குறைக்கும். விளக்கு மினுக்கினால் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளாதே. காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறது. ஆனால் அது இருக்கிற அரிசியைத்தான் பங்கு வைக்கும், புதிதாக ஒரு மணிகூடப் போடாது. அதை அணைக்கிற பட்டனை அழுத்திப் பிடித்து முழுசாக அணைத்துவிட்டால் ஓட்ட ஜாலியாக இருக்கும் என்று நண்பர்கள் யாராவது சொல்வார்கள். ரோட்டில் வேண்டாம்.

அப்புறம், பின்பக்கம் மறுபடியும் போனால். நான் வண்டி பழகிய ஸ்டாண்டில் மூத்த டிரைவர் ஒருவர் சொல்வார்: வால் எந்தப் பக்கம் போகுதோ, தலையை அந்தப் பக்கம் திருப்பு. வண்டி இடப்பக்கம் வாலைப் போட்டால் ஸ்டீயரிங்கும் இடப்பக்கம். காலை மெதுவாகத் தளர்த்து, பிடுங்காதே. கண் நீ போக வேண்டிய ரோட்டில் இருக்கட்டும். ஓரத்துத் தடுப்புக் கம்பியைப் பார்த்தால் கை கம்பிக்கே கொண்டுபோகும். டயர் பிடித்த உடனே ஸ்டீயரிங்கை நேராக்கிவிடு. அதில் தாமதித்தால் வால் அடுத்த பக்கம் இன்னும் வேகமாக அடிக்கும். முதல் ஆட்டத்தில் தப்பித்த எத்தனையோ பேர் இரண்டாவதில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். கையை மீறிப் போய்விட்டது என்று தெரிந்தால் கிளட்ச்சையும் பிரேக்கையும் அடிமட்டம் வரை மிதித்து அப்படியே பிடித்துக்கொள். உன் வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருக்கிறது, என்னிடம் இல்லாதது.

டயர் விஷயத்தில் நான் கெஞ்சிக் கேட்கிறேன். தள்ளுவது பின்சக்கரம் என்பதால் தேய்வதும் அதுதான் முதலில். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்கிறது சட்டம். மழைக்கு அது போதாது. கோடை டயருக்கே 3 மில்லிமீட்டர் வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். ஒரு யூரோ நாணயத்தைப் பட்டன் இடுக்கில் நிறுத்திப் பார். அதன் தங்க நிற ஓரம் 3 மில்லிமீட்டர் அகலம். ஓரம் வெளியே தெரிந்தால் டயர் மாற்ற வேண்டும். இரண்டு மட்டும் வாங்கினால் புதுசு பின்னால், நான் செய்தது மாதிரி முன்னால் இல்லை. முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகம் குறைந்ததும் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்கும். பின்பக்கம் வழுக்கினால் பழகியவனுக்கே கஷ்டம்.

காற்றும் பார். தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கும். தேய்ந்த டயரில் 32 பாயிண்ட், உங்கள் கணக்கில் 2.2 பார், காற்று இருந்தால் சுமார் 90 வேகத்திலேயே மிதந்துவிடும், காற்று குறைந்தால் இன்னும் சீக்கிரம். ஸ்டீயரிங் திடீரென்று வெண்ணெய் மாதிரி லேசாகும். அப்போது திருப்பாதே, பிரேக் போடாதே, கிளட்ச்சை மிதித்து நேராகப் பிடித்துக்கொண்டு காத்திரு. நான் அங்கே வந்திருந்தபோது ‘பை நெஸ்ஸ’ என்று எழுதி 80 போட்ட பலகையைக் காட்டி, ஈரமாக இருந்தால் என்று நீதானே அர்த்தம் சொன்னாய். மழையில், வேகத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். உங்கள் ஊர் மேட்டுத் தெருக்களில் கிளம்பும்போது செகண்ட் கியரில் எடு. டிராம் தண்டவாளம், இலையுதிர் காலத்து ஈர இலை இரண்டும் கிரீஸ் மாதிரி.

மழைக்காலத்தில் காலி வண்டி ஓட்டும்போது நான் டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி போட்டுக்கொள்வேன், நினைவிருக்கிறதா? அதை மட்டும் காப்பி அடிக்காதே. உன் வண்டியில் பாரம் முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகவே இருக்கிறது, மூட்டை உருண்டால் அதுவே வாலைத் தள்ளும்.

இத்தனை எழுதினாலும் கால் இதைக் காகிதத்தில் கற்காது. ஏடிஏசி என்கிற அங்கத்து வாகன ஓட்டிகள் சங்கத்தில் ஒரு நாள் பயிற்சி உண்டு. தரையில் பதித்த தகடு ஒன்று உன் பின்சக்கரத்தை வேண்டுமென்றே தட்டிவிடும், தண்ணீர் ஊற்றிய தரையில் வண்டி சுற்றும், மோத ஒன்றும் இருக்காது. சேர்ந்துவிடு. பணம் நான் அனுப்புகிறேன் என்றால் சிரிப்பாய், இருந்தாலும் அனுப்புகிறேன்.

யூரோ வைத்த போட்டோவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. நாலு டயரும்.

மாட்டு விஷயத்தை அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே. மாட்டுப் பொங்கல் கழியட்டும் என்று பார்க்கிறேன்.

அப்பா