தேயிலைத் தூளும் கருந்துளையும்

பினாங்கு,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இந்த ஒரே பதில். திட்டுவதை நேரில் வரும்போது திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் காமாக் கதிர் வெடிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கோ தொலைவிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு மட்டும் பாயும், கண்ணுக்குத் தெரியாத கடும் ஒளி அது. பெரும்பாலும் அது, பெரிய நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து உள்ளுக்குள் இடிந்து கருந்துளையாகும்போது நடப்பது என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி, "கருந்துளை வெளிச்சத்தையே விடாதுன்னு போன வாரம் சொன்னீங்களே சார்! அப்புறம் இது எங்கிருந்து வருது?" என்றாள்.

சேகர், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எல்லாரையும் கேண்டீன் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். தண்ணீரை நிரப்பி, தேயிலைத் தூளைத் தூவி, அடைப்பைப் பிடுங்கினேன். தூள் நேராக விழவில்லை. ஓட்டையைச் சுற்றிச் சுற்றியே இறங்கியது. சுழலும் நட்சத்திரத்திலும் இதே கதைதான். நடுவயிற்றுப் பகுதியின் பொருள் விழ முடியாமல் வட்டத் தட்டாகச் சுழலும். துருவங்களின் பக்கம் இருப்பது நேராக விழுந்துவிடுவதால் அங்கே வழி காலியாகும். அந்த வழியாக இரு பக்கமும் இரண்டு தாரைகள், கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில், நட்சத்திரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். காமாக் கதிர் பிறப்பது அந்தத் தாரையில், நட்சத்திரத்துக்கு வெளியே. கருந்துளைக்குள்ளிருந்து எதுவும் வரவில்லை.

1993-இல் ஸ்டான் வூஸ்லி என்ற வானியற்பியலாளர் இப்படித்தான் இருக்கும் என்றார். 2003 மார்ச் 29-இல் தெரிந்த வெடிப்பின் ஒளி மங்க மங்க, அதற்குள்ளிருந்தே ஒரு சூப்பர்நோவாவின், அதாவது வெடித்துச் சாகும் நட்சத்திரத்தின், நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் அடையாளம்) தலைகாட்டியது. அதற்கப்புறம் சந்தேகப்பட அதிகம் இடமில்லை.

2008 மார்ச் 19, நம் நேரம் பிற்பகல் 2.12. அன்று ஒரு வெடிப்பு வெறுங்கண்ணுக்கே எட்டும் அளவு அரை நிமிடம் போல ஒளிர்ந்தது. அந்த ஒளிக்கு அது 750 கோடி ஆண்டுப் பயணம். சூரியன் பிறந்தே 460 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. இங்கே நல்ல வெயில், அந்த வானமோ பூமியின் மறுபக்கம். நீயும் நானும் அந்நேரம் பட்டர்வொர்த் படகில் இருந்திருப்போம்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து மணி அடித்தபின் அந்தச் சிறுமி திரும்ப வந்தாள். "ஒரு தாரை நம்ம பக்கம் வந்துச்சு. இன்னொண்ணு யார் பக்கம் போச்சு சார்?"

பெரியம்மா வீட்டு ஸ்டோர் அறையில் உன் பழைய தொலைநோக்கி கிடக்கிறதே, தைப்பூசத்துக்கு வரும்போது எடுத்து வா. அவளுக்குத்தான்.

உன்,
மணி