பத்து பட்டனை எடுத்துட்டு ஒரு டிவிய வச்சா ஓட்டுறது நல்லாயிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க மோட்டார் பக்கத்தை நான் விடாம படிக்கிறவன். புது கார் எது வந்தாலும் ஸ்கிரீன் எத்தனை இன்ச், கேமரா எத்தனை, அடாஸ், அதான் ஓட்டுறவனுக்குக் கூட உதவி பண்ற எலக்ட்ரானிக் வசதிகள், இருக்கா இல்லையான்னுதான் பாதி பக்கம் போகுது. அதைப் பத்திதான் இந்த லெட்டர். 26 வருஷமா கார் ஓட்டுறேன், பழசு புதுசு ரெண்டும் பாத்தாச்சு.

டெக்னாலஜியே வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான். 1959ல வால்வோ இன்ஜினியர் நில்ஸ் போலின் செஞ்ச மூணு முனை சீட் பெல்ட்தான் இன்னிக்கும் நம்ம உயிரைப் புடிச்சு வச்சிருக்கு. 1978ல பாஷ் கம்பெனி, பிரேக் அழுத்தும்போது வீல் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ்ஸை மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல கொண்டாந்தாங்க, 1995ல இஎஸ்சி, அதாவது வளைவுல காரோட பின்பக்கம் வீசுச்சுன்னா தேவையான வீல்ல மட்டும் பிரேக் புடிச்சு வண்டிய நேராக்குறது. இதெல்லாம் கூப்பிடாம வரும், வேலைய முடிக்கும், போயிடும். கண்ணையும் கேக்காது, கையையும் கேக்காது.

ஆனா இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் கால்ல தடதடன்னு உதறும், அது தெரியாம என் மச்சான் ஒருநாள் என்னமோ உடைஞ்சிடுச்சுன்னு பயந்து காலை எடுத்துட்டாரு, நல்லவேளை முன்னாடி போன லாரி நகர்ந்துடுச்சு. ஏபிஎஸ் இருந்தா சட்டுனு நின்னுடும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, ஜல்லி ரோட்ல நிக்கிற தூரம் கூடவே ஆகலாம், அதோட முக்கிய வேலையே வீல் பூட்டிக்காம பாத்துக்கிட்டு பிரேக் அழுத்திக்கிட்டே ஸ்டியரிங்க திருப்ப விடுறது. இதை வண்டி டெலிவரி எடுக்கும்போது யாராச்சும் சொல்றாங்களா? போனை ப்ளூடூத்ல கனெக்ட் பண்ணி குடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, அவ்ளோதான். 1980கள்ல ம்யூனிக்ல டாக்சிகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஏபிஎஸ் இருந்த வண்டிக்கும் இல்லாததுக்கும் விபத்துக் கணக்குல பெரிய வித்தியாசமே இல்ல, காரணம் ஏபிஎஸ் இருக்குன்னு தெரிஞ்சவங்க முன்னாடி போற வண்டிய இன்னும் ஒட்டி, இன்னும் வேகமா ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

இப்ப டச் ஸ்கிரீனுக்கு வர்றேன், எனக்கு எரிச்சலே இதுலதான். என் பழைய வண்டில கண்ணாடி மூடுபனி மாதிரி மங்குச்சுன்னா ஒரு திருகு, கை தானா அங்க போகும், கண்ணு ரோட்லயே இருக்கும். புது வண்டில ஸ்கிரீனத் தொட்டு, ஏசி பக்கத்துக்குப் போயி, அதுக்குள்ள சின்னதா ஒரு படம், அதை அழுத்தினா பக்கத்துல இருக்கறது அமுங்குது, வண்டி குலுங்கினா அதுவும் இல்ல. 60 கிலோமீட்டர் வேகத்துல 2 விநாடி கண்ணை எடுத்தா 33 மீட்டர் குருடனா போயிருக்கோம். 2022ல ஸ்வீடன் கார் பத்திரிகை ஒண்ணு 110 கிலோமீட்டர் வேகத்துல ஒரே மாதிரி நாலு சின்ன வேலைய குடுத்து பாத்துச்சு, பட்டன் வச்ச 17 வருஷப் பழைய கார்ல 10 விநாடி, கடைசியா வந்த புது கார்ல 44 விநாடிக்கும் மேல! கார்களை மோதவிட்டு ஸ்டார் குடுக்குற யூரோ என்கேப்பே 2026லேர்ந்து இண்டிகேட்டர், ஹசார்ட் லைட், வைப்பர், ஹாரன், அவசர உதவி இதுக்கெல்லாம் தனி பட்டன் இல்லேன்னா மார்க் குறைப்போம்னு விதியே கொண்டு வந்துட்டாங்க.

அப்புறம் இந்த லேன் அசிஸ்ட், ரோட்டுக் கோட்டைப் பாத்து ஸ்டியரிங்கை தானா திருப்பி வண்டிய லேனுக்குள்ளயே வைக்கிறது. ரோடு வேலை நடக்குற இடத்துல பழைய வெள்ளைக்கோடு அழியாம கிடந்துச்சு, வண்டி அதைத்தான் நம்புது, நான் ஒரு பக்கம் திருப்ப அது இன்னொரு பக்கம் இழுக்க, ரெண்டு பேரும் ஸ்டியரிங்குக்கு சண்டை போட்டுக்கிட்டே போனோம். லெவல் 2ன்னு சொல்ற வண்டில வேகத்தையும் லேனையும் அது பாத்துக்கும், ஆனா பொறுப்பு முழுக்க ஓட்டுறவன் தலைல. ஒண்ணுமே செய்யாம சும்மா உக்காந்து வேடிக்கை பாக்குறவன், திடீர்னு ஒரு விநாடில முழிச்சுக்கிட்டு காப்பாத்தணுமாம். ஓட்டுறதை விட கஷ்டமான வேலை அது, மனுஷனுக்கு வராத வேலையும் கூட. தானா பிரேக் புடிக்கிறத மட்டும் நான் குறை சொல்லல, அது நம்ம கவனம் தப்பினப்ப மட்டும் வர்ற ஆளு.

என் பொண்ணு கேமரா வச்ச வண்டிலதான் ஓட்டக் கத்துக்கிட்டா. போன மாசம் என் பழைய வண்டிய ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன், கண்ணாடியும் பாக்கல, கழுத்தும் திரும்பல, டேஷ்போர்டுல ஸ்கிரீன் இருக்கிற இடத்தையே பாத்துக்கிட்டு இருந்தா, அங்க இருக்கறது பழைய ரேடியோ.

ஆசிரியர் சார், அடுத்த தடவ புது கார் ஓட்டிப் பாத்து எழுதும்போது ஸ்கிரீன் எத்தனை இன்ச்னு எழுதுங்க, வேணாம்னு சொல்லல, கூடவே கண்ணாடி மங்கினா அதைத் தெளிவாக்க எத்தனை தடவ தொடணும், எத்தனை விநாடி ஆச்சுன்னு ஒரு ஸ்டாப் வாட்ச் வச்சு அளந்து அதையும் போடுங்க.

இப்படிக்கு,
பட்டன் வச்ச பழைய காரை இன்னும் விக்காத ஒரு வாசகன்