டின் சூப்புக்குப் பதிலாக என்ன ஊற்றுவது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குளூட்டன் (கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள புரதம்) இல்லாத மாவு வாங்க வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "செய்முறையில் ஒரு டின் காளான் க்ரீம் சூப் என்று போட்டிருக்கிறது, அதற்கு என்ன செய்வது?" வெறும் க்ரீமை ஊற்றினால் ஓவனிலிருந்து எடுக்கும்போது எல்லாம் தண்ணீராக ஓடும். சாதாரண க்ரீம் சூப் டின்னில் கெட்டித்தன்மையைத் தருவது கோதுமை மாவு. அந்த வேலையைச் செய்ய வேறொரு மாவு வேண்டும்.

செய்முறைகள் சொல்லும் டின் பெரும்பாலும் நீர் சேர்க்காத கெட்டிச் சூப். ஒரு டின் சுமார் 300 கிராம், அதாவது ஒன்றேகால் கப். அதற்கு ஈடாகச் செய்ய, 2 மேசைக்கரண்டி வெண்ணெயில் பாதி வெங்காயத்தையும் 100 கிராம் காளானையும் பொடியாக நறுக்கிப் போட்டு, காளான் விடும் தண்ணீர் முழுக்கச் சுண்டி ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் மிஞ்சிய தண்ணீர் பிறகு சூப்பை இளக்கிவிடும். அரை கப் ஸ்டாக் (காய்கறி அல்லது இறைச்சி வேகவைத்த சாறு) ஊற்றிக் கொதிக்க விடுங்கள். முக்கால் கப் குளிர்ந்த பாலில் 2 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரைக் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். குமிழ் விட்டு ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடுங்கள். கொதிக்காமல் இறக்கினால் பச்சை மாவு வாசம் நிற்கும். வெகுநேரம் வேகமாகக் கிண்டினால் வந்த கெட்டியும் உடைந்து இளகிவிடும். சூடான பாலில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும்.

செய்முறையில் "ஒரு டின் பாலும் சேர்க்கவும்" என்றிருந்தால் (சூப் இருந்த டின்னால் அளந்த பால்) அதையும் தவறாமல் சேருங்கள். அரிசியோ பாஸ்தாவோ பச்சையாகப் போடும் உணவில் அந்த ஈரத்தில்தான் அவை வேகும்.

செய்து ஃப்ரீசரில் வைப்பதாக இருந்தால் கார்ன்ஃப்ளார் வேண்டாம். உறைந்து உருகும்போது அது தண்ணீரைப் பிரித்துவிட்டு, பஞ்சுபோல் ஆகிவிடும். அதற்குப் பசையரிசி மாவுதான் நல்லது. பெயரில் பசை இருந்தாலும் அதில் குளூட்டன் கிடையாது. மூன்றரை மேசைக்கரண்டி மாவை வெண்ணெயில் இரண்டு நிமிடம் வறுத்துவிட்டு, பாலும் ஸ்டாக்கும் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஐந்து நிமிடமாவது கொதிக்க விடுங்கள். எலுமிச்சை, வினிகர் சேர்ப்பதாக இருந்தால் கடைசியில் சேருங்கள். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் எந்த மாவும் இளகும்.

தக்காளி சூப்புக்கு மாவே தேவையில்லை. 6 மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட், முக்கால் கப் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை போதும்.

"எல்லாம் சரி, ருசி மட்டும் சப்பென்று இருக்கிறது" என்பார்கள் சிலர். டின் சூப்பில் உப்பு தாராளமாக இருக்கும். அதை நம்பியே செய்முறையில் உப்பைக் குறைத்திருப்பார்கள். ஆகவே ருசி பார்த்து உப்பு சேருங்கள்.

குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவருக்குச் சமைக்கும்போது எங்களுக்குப் பெரிய கவலை ஸ்டாக் கட்டிதான் (நீரில் கரைத்து ஸ்டாக் செய்யும் கட்டி). அதில் கோதுமையோ பார்லி மால்ட்டோ கலந்திருக்கலாம். "கோதுமை இல்லை" என்ற அச்சு மட்டும் போதாது, பார்லியிலும் குளூட்டன் உண்டு. "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். சர்வதேச உணவுத் தரப்படி அதற்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் வரம்பு. கொதிக்க வைப்பதால் குளூட்டன் அழியாது. மைதா சலித்த சல்லடையை இதற்குத் தொடவே வேண்டாம்.

அடிக்கடி தேவைப்படுவோர் கலவையாகவே செய்து வைக்கலாம்: பால் பவுடர் 2 கப், கார்ன்ஃப்ளார் முக்கால் கப், குளூட்டன் இல்லாத ஸ்டாக் பவுடர் கால் கப், உலர்ந்த வெங்காயத் தூள் 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி. ஈரமில்லாத, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு டின்னுக்கு ஈடாக, மூன்றில் ஒரு பங்கு கப் கலவையை ஒரு கப் குளிர்ந்த நீரில் கரைத்துக் கொதிக்க விட்டால் போதும். ஸ்டாக் பவுடரிலேயே உப்பு இருப்பதால் இதற்குத் தனியாக உப்பு வேண்டாம்.

அன்புடன்,
கடை நிர்வாகத்தினர்